வேலிக்கு வெள்ளையடித்த பையனும் வாளி தூக்கிய பையனும்

"டாம் சாயர் நாவலைச் சொந்த வாழ்க்கையோடு சேர்த்துக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நான் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவன். ஆறு இல்லை, குகை இல்லை, திருடுவதற்கு ஒரு மாமரம்கூட இல்லை. எதை எழுதுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இருபது வருஷத்துக்கு மேல் கல்லூரியில் இந்த நாவலைப் பாடம் நடத்தியவன் நான். இதே கேள்வியை வருஷத்துக்கு நாலு பேராவது வந்து கேட்பார்கள். ஆறும் தோப்பும் இருந்த ஊரிலிருந்து வந்த பிள்ளைகள் எழுதிய கட்டுரைகள் பெரும்பாலும் சுமாராகத்தான் இருக்கும், ஏனென்றால் அவர்களுக்கு ஒப்பிடுவது சுலபமாகிவிடும்: டாம் ஆற்றில் குதித்தான், நானும் குதித்தேன், டாம் வாத்தியாரை ஏமாற்றினான், நானும் ஏமாற்றினேன், முடிந்தது கட்டுரை. உங்களுக்கு அந்தச் சுலபமான வழி இல்லை என்பதை நல்லதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நாவல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம், அதில்தான் உங்கள் பதிலும் இருக்கிறது. இதை எழுதிய அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைனின் இயற்பெயர் சாமுவேல் கிளெமென்ஸ். 1835-ல் மிசூரி மாநிலத்தில் பிறந்தார். நான்கு வயதில் குடும்பம் மிசிசிபி ஆற்றங்கரையில் இருந்த ஹானிபல் என்ற சின்ன ஊருக்குக் குடிபெயர்ந்தது. நாவலில் வரும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இந்த ஹானிபல்தான். 1847-ல் அப்பா இறந்துபோனார். அப்போது பையனுக்குப் பதினொரு வயது. கொஞ்ச காலத்தில் படிப்பு நின்று அச்சகத்தில் வேலை பழகப் போய்விட்டான். அதாவது நாம் "கவலையில்லாத சின்ன வயசு" என்று படிக்கும் இந்தக் கதையை எழுதியவருக்கு அந்த வயசு பாதியிலேயே அறுந்துபோனது. நாவல் வெளிவந்தது 1876-ல், அவருக்கு நாற்பது வயது. முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார்: இதில் வருபவை பெரும்பாலும் உண்மையில் நடந்தவை, ஒன்றிரண்டு என் சொந்த அனுபவம், மற்றவை என்னோடு படித்த பையன்களுடையவை என்று. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், 1875-ல் எழுதி முடித்தவுடன் நண்பர் ஹோவெல்ஸுக்குப் போட்ட கடிதத்தில், இது சிறுவர் புத்தகமே இல்லை, பெரியவர்கள் படிப்பதற்காக மட்டும் எழுதியது என்று அடித்துச் சொன்னார். ஹோவெல்ஸ்தான் இல்லை, சிறுவர் கதையாகவே வெளியிடுங்கள் என்று மனதை மாற்றினார். வளர்ந்த மனிதன் ஒருவன் திரும்பிப் பார்த்து எழுதியது என்பதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் பல இடங்கள் வேறு மாதிரி தெரியும்.

வேலிக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள், எல்லோருக்கும் தெரிந்தது. சனிக்கிழமை, முப்பது கஜ நீளம், ஒன்பது அடி உயரம் உள்ள பலகை வேலிக்கு வெள்ளையடிக்கச் சொல்லி டாமுக்குத் தண்டனை. பாலி பெரியம்மா வைத்த தண்டனை. (டாமின் இறந்துபோன அம்மாவுக்கு இவள் அக்காவா தங்கையா என்பது இருக்கட்டும், இத்தனை வருஷமாக நான் பெரியம்மா என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.) இந்த வேலை எல்லாருக்கும் கிடைத்துவிடுமா என்று டாம் பாவனை செய்கிறான், பென் ரோஜர்ஸ் தன் ஆப்பிளைக் கொடுத்துத் தூரிகையை வாங்கிக்கொள்கிறான், அப்புறம் வரிசையாகப் பையன்கள். சாயங்காலத்துக்குள் வேலி மூன்று பூச்சு கண்டுவிட்டது. டாமிடம் பன்னிரண்டு கோலிகுண்டு, பட்டம், நூலில் கட்டிய செத்த எலி, ஒற்றைக் கண் பூனைக்குட்டி, எந்தப் பூட்டையும் திறக்காத சாவி, நாய் இல்லாத நாய்ப்பட்டை, நாலு துண்டு ஆரஞ்சுத் தோல் என்று ஒரு சொத்தே சேர்ந்துவிட்டது.

இந்தப் பட்டியலைக் கட்டுரையில் எல்லோரும் பயன்படுத்துவார்கள், நீங்களும் பயன்படுத்துங்கள், தப்பில்லை. பத்து வயதில் உங்கள் பையில் என்ன இருந்தது என்று நேர்மையாக ஒரு பட்டியல் போட்டாலே பாதிக் கட்டுரை வந்துவிடும். ஆனால் அதற்கு முன்னால், பென் ரோஜர்ஸ் வருவதற்கும் முன்னால், ஒரு பக்கம்கூட வராத ஒரு சம்பவம் இருக்கிறது. நான் முதல் ஐந்தாறு முறை படித்தபோதும் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

ஜிம் என்ற சின்னப் பையன் தகர வாளியைத் தூக்கிக்கொண்டு பாடியபடி குதித்து வருகிறான், ஊர்க் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போகிறான். கறுப்பினப் பையன், அந்த வீட்டில் அடிமை. டாம் அவனிடம், நீ கொஞ்சம் வெள்ளையடி, நான் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று பேரம் பேசுகிறான். ஜிம் பயப்படுகிறான், எஜமானியம்மா தலையைப் பிய்த்துவிடுவார் என்கிறான். டாம் ஒரு வெள்ளைக் கோலிகுண்டு தருகிறேன் என்கிறான், அடிபட்ட கால் விரலைக் காட்டுகிறேன் என்கிறான். பையன்தானே, ஆசைப்பட்டு வாளியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்க்கிறான். அடுத்த நொடி பின்பக்கம் எரிய வாளியோடு தெருவில் ஓடிக்கொண்டிருக்கிறான், பெரியம்மா கையில் செருப்போடு திரும்பிப் போகிறாள், டாம் மும்முரமாக வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறான். அவ்வளவுதான். டாமுக்கு அடி விழவில்லை. பேரம் பேசியது டாம், அடி வாங்கியது ஜிம். பென் ரோஜர்ஸை ஏமாற்ற முடிந்தது, ஏனென்றால் அன்று அவனுக்கு விடுமுறை, அவன் விளையாட வந்தவன். ஜிம் விளையாட முடியாதவன்.

ட்வைன் இதைக் கற்பனையில் எழுதவில்லை. ஹானிபல் வீட்டில் சாண்டி என்று ஒரு அடிமைச் சிறுவன் இருந்தான், கூலிக்கு அமர்த்தப்பட்டவன். மேரிலாந்திலிருந்து தாய் தகப்பனைப் பிரித்துக் கொண்டுவரப்பட்ட பையன். நாள் முழுக்கப் பாடுவான், விசில் அடிப்பான், கத்துவான். ஒருநாள் பொறுக்க முடியாமல் சாமுவேல் அம்மாவிடம் போய்ப் புகார் சொல்கிறான். அம்மாவின் கண் கலங்கிவிட்டது. அவன் பாடினால் பழசை நினைக்கவில்லை என்று எனக்கு ஆறுதலாக இருக்கிறது, பேசாமல் இருந்தால்தான் நினைக்கிறானோ என்று தாங்க முடியவில்லை, அவன் இனிமேல் அவன் அம்மாவைப் பார்க்கவே போவதில்லை என்ற பொருளில் பதில் சொன்னார். இதையெல்லாம் தன்வரலாற்றில் எழுதிவிட்டு, சாண்டியை டாம் சாயரில் ஒருமுறை பயன்படுத்தினேன், வேலிக்கு வெள்ளையடிக்க வைக்கப் பார்த்தேன், நடக்கவில்லை என்றும் ட்வைன் சொல்கிறார். நாவலில் அந்த ஜிம் ஏன் பாடிக்கொண்டே வருகிறான் என்று இப்போது புரிகிறதா? எனக்கு இது தெரியவந்த நாளில் வகுப்பில் அந்தப் பக்கத்தைப் பழையபடி சிரித்துக்கொண்டு படிக்க முடியவில்லை.

அந்த அம்மாவின் சாயல்தான் பாலி பெரியம்மாவிடம் இருக்கிறது. ஆகவே அவளை வெறும் கண்டிப்புக்காரியாக எழுதிவிடாதீர்கள். டாமுக்கு அவள் வலிநிவாரணி மருந்தைக் கரண்டி கரண்டியாகப் புகட்ட, அவன் அதைப் பூனை பீட்டருக்குக் கொடுத்துவிடுகிறான், பூனை வீட்டையே புரட்டிப்போடுகிறது. திட்ட வந்தவள் ஒரு நிமிஷம் நிற்கிறாள். பூனைக்குக் கொடுமை என்றால் பையனுக்கும் கொடுமையாகத்தானே இருந்திருக்கும் என்று அவளுக்கே உறைக்கிறது. பெரியவர் ஒருவர் தன் தப்பை இப்படி உணரும் இடம் அந்தக் காலத்துச் சிறுவர் கதையில் வந்திருப்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். உங்களுக்கு மாதிரி காட்டத்தான்.

எனக்குக் குளித்தலைப் பக்கம், காவிரிக்கரை. 1970-களின் தொடக்கம். ஆனி மாதம், மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்த புதுசு. நானும் இரண்டு கூட்டாளிகளும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, சட்டைகளைப் படித்துறையில் கழற்றி வைத்துவிட்டு, நடு ஆற்றில் நாணல் வளர்ந்த ஒரு மணல் திட்டுக்குப் போய்விட்டோம். போகும்போது முட்டளவுதான் தண்ணீர். ஒரு பொட்டலம் பொரி, உப்பு மிளகாய்த்தூள் மடித்த காகிதம், நாலைந்து மாங்காய். சாயங்காலம் திரும்பலாம் என்று பார்த்தால் இடுப்புக்கு மேல் ஓடுகிறது. பயந்துபோய் திட்டின் கீழ்க்கோடி வரை போய், தண்ணீர் பரவி ஓடும் இடமாகப் பார்த்துக் கைகோத்து ஒருவழியாகக் கரையேறி, அரை மைல் கரையோடவே நடந்து வந்தோம். படித்துறையில் கூட்டம். பரிசல் ஒன்று ஆற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. அப்பாயி மேல்படியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் என் சட்டை.

நாங்கள் உடனே ஓடிப்போகவில்லை. பிள்ளையார் மேடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம். முதலில் பயத்தில்தான் ஒளிந்தோம். ஆனால் என்னை எந்நேரமும் கரித்துக்கொட்டும் எதிர்வீட்டுக்காரம்மா "தங்கமான புள்ளயாச்சே" என்று அழுவது காதில் விழுந்ததும் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், அதை இன்றைக்கும் மறுக்க மாட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் கேட்கலாம் என்றிருந்தது.

பல வருஷம் கழித்து நாவலின் பதினைந்தாம் அத்தியாயத்தைப் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது அதனால்தான். டாம், அவன் கூட்டாளிகள் ஹக், ஜோ ஹார்ப்பர் மூவரும் ஜாக்சன் தீவுக்குக் கடற்கொள்ளையர் விளையாடப் போய்விடுகிறார்கள், ஊர் அவர்கள் மூழ்கிவிட்டார்கள் என்று தேடுகிறது. ராத்திரி டாம் மட்டும் நீந்தி வந்து வீட்டுக்குள் நுழைந்து கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு பெரியம்மா அழுவதைக் கேட்கிறான். தன்னைப் பற்றி அவனுக்கே மதிப்புக் கூடுகிறது என்று எழுதுகிறார் ட்வைன். என்ன ஒரு உண்மை! ஆனால் அதைவிட முக்கியம் அடுத்து நடப்பது. டாமின் பையில் மரப்பட்டையில் எழுதிய ஒரு சீட்டு இருக்கிறது, நாங்கள் சாகவில்லை, கொள்ளையராகப் போயிருக்கிறோம் என்று. பெரியம்மா தூங்கியதும் அதை மெழுகுவத்திப் பக்கத்தில் வைக்கிறான். அப்புறம் ஏதோ தோன்றி, எடுத்துத் திரும்பப் பையில் போட்டுக்கொள்கிறான். குனிந்து முத்தம் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான். அது புதன்கிழமை ராத்திரி. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் இறுதிப் பிரார்த்தனை நடக்கும்போது மூன்று பேரும் உள்ளே நுழைய வேண்டும், அதுதான் அவன் திட்டம். அந்தச் சீட்டை அங்கேயே விட்டிருந்தால் அவளுடைய அழுகை அன்றைக்கே முடிந்திருக்கும். ஒரு காட்சிக்காக இன்னும் மூன்று நாலு நாள் அழவிட்டான். அப்புறம் அவன் பழைய சட்டைப் பையில் அந்த மரப்பட்டையைக் கண்டுபிடித்து, இனி இவன் பத்து லட்சம் பாவம் செய்திருந்தாலும் மன்னிப்பேன் என்று அழுகிறாள். இந்த நாவலில் எனக்கு மிகப் பெரிய இடம் இதுதான். குகையும் புதையலும் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

நான் மறைவிலிருந்து வெளியே வந்தபோது அப்பாயி அடிக்கவில்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. மடியிலிருந்த சட்டையை எடுத்து எனக்குப் போட்டுவிட்டாள். கை நடுங்கியதால் பொத்தானை ஒன்று தள்ளி மாட்டிவிட்டாள். அப்படியே வீட்டுக்குப் போனோம்.

இதை நான் மாணவர்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன், எல்லோரும் ரசிப்பார்கள். ஆனால் அந்த நாளில் இன்னொன்றும் நடந்தது, அதை ரொம்ப வருஷம் நான் சொல்லவே இல்லை. எங்கள் வீட்டில் மாடு பார்த்துக்கொள்ள ஒரு பையன் இருந்தான். என்னைவிட ஒரு வயது மூத்தவன். மூன்றாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். அவன் அப்பா எங்கள் வீட்டில் வாங்கிய கடனுக்காக அவன் வேலை செய்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது, கேட்டதும் இல்லை. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-ல்தான் வந்தது, இது அதற்குச் சில வருஷம் முன்னால். "இவனை ஆத்துப்பக்கம் விடாம பாத்துக்க" என்று அவனிடம் சொல்லி வைத்திருந்தார்கள். அன்று காலையில் அவன் என்னைத் தடுக்கத்தான் செய்தான். ரெண்டு மாங்காயைக் கொடுத்து நான்தான் அவன் வாயை அடைத்தேன். நாங்கள் வீட்டுக்குப் போனபோது வயலுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அவனும் அப்போதுதான் வந்து நின்றான். எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் என்னை ஒன்றும் சொல்லாமல் அவனைப் பிடித்து அடித்தார். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. கையிலிருந்த தூக்குவாளியைக் கீழே வைக்கக்கூட இல்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மாங்காய் விஷயத்தைச் சொல்லவில்லை.

இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. ஜிம்மைச் சந்தையில் நிறுத்தி விற்கலாம், பெற்றவளிடமிருந்து பிரித்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளி அனுப்பலாம், சட்டமே அதற்குத் துணை நின்றது. அந்தக் கொடுமை வேறு. ஆனால் ஒரு பையனின் குறும்புக்கு இன்னொரு பையன் அடி வாங்கும் கணக்கு ஒன்றுதான். ஜிம்மை என் கண் ஏன் இத்தனை வருஷம் தாண்டிப் போனது என்பதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ட்வைனுக்கும் இது பின்னால்தான் வந்தது. 1896-ல் சொற்பொழிவுப் பயணமாக இந்தியா வந்து பம்பாயில் இறங்கியபோது, ஓட்டலில் ஒரு ஜெர்மானியர் ஏதோ அற்பக் காரணத்துக்காக நம்மூர் வேலையாளைத் தாடையில் அறைகிறார். அந்த ஆள் எதிர்ப்பே காட்டாமல் அமைதியாக வாங்கிக்கொள்கிறார். ஐம்பது வருஷமாக இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை, என் சிறுவயசுக்கே என்னைக் கொண்டுபோய்விட்டது என்று தன் பயண நூலில் எழுதுகிறார். பெற்ற பிள்ளையான தன்னை வாழ்நாளில் இரண்டே முறை தண்டித்த அப்பா, லூயிஸ் என்ற அடிமைப் பையனைச் சின்னச் சின்னத் தவறுக்கெல்லாம் அறைவார் என்பதும், பத்து வயதில் தான் பார்த்த ஒன்றும் அங்கே ஞாபகத்துக்கு வருகின்றன: ஒருவன் கோபத்தில் இரும்புத்தாதுக் கட்டியை ஓர் அடிமையின் தலையில் எறிய, அந்த மனிதன் ஒரு மணி நேரத்தில் செத்துப்போனான். இதெல்லாம் நடந்தது அதே ஹானிபல் வாழ்க்கைக் காலத்தில்தான். டாம் சாயரில் இதில் ஒரு வரியும் கிடையாது. இருபது வருஷம் கழித்து, பம்பாயில் ஒரு வேலையாள் அறை வாங்கியதைப் பார்த்துத்தான் அந்த நினைவு எழுந்து வந்தது.

ஹக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவனுக்கு மாதிரியாக இருந்தவன் டாம் பிளாங்கன்ஷிப் என்ற ஏழைப் பையன், குடிகாரத் தகப்பனின் மகன். அவனுடைய அண்ணன் 1847-ல் தப்பி வந்த ஓர் அடிமை எதிர்க்கரைச் சதுப்பில் ஒளிந்திருப்பதைக் கண்டு, காட்டிக் கொடுத்தால் 50 டாலர் கிடைக்கும் என்று தெரிந்தும், கொடுக்காமல் வாரக்கணக்கில் சோறு கொண்டுபோனான். ஊரே ஒதுக்கி வைத்த குடும்பத்துப் பையன் செய்தது இது. பின்னால் எழுதிய 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலுக்கு வித்து இங்கேதான் இருக்கிறது என்பார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். நேரம் இருந்தால் இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். இன்ஜன் ஜோ என்ற கொலைகாரனை அமெரிக்கப் பழங்குடி ரத்தம் என்பதற்காகவே கெட்டவனாகக் காட்டும் இடங்கள் டாம் சாயரில் உண்டு, அவற்றை மழுப்பாமல் தப்பு என்றே எழுதுங்கள், நல்ல ஆசிரியர் மதிப்பெண் குறைக்க மாட்டார்.

எழுத உட்கார்ந்து பாதியில் நின்றுபோனால் கவலைப்படாதீர்கள். இதே நாவல் கையெழுத்துப் பிரதியின் நானூறாவது பக்கத்தில் ட்வைனுக்கு நின்றுபோனது. தொட்டி வற்றிவிட்டது என்று எடுத்து வைத்துவிட்டார், ரொம்ப நாள் கழித்து எடுத்துப் பார்த்தபோது தொட்டி தானாக நிறைந்திருந்தது என்கிறார். உங்களுக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது, ஒப்படைக்கும் தேதி இருக்கும். ஒரு ராத்திரி போட்டு வைத்துவிட்டு மறுநாள் எடுங்கள்.

ஆறும் குகையும் வேண்டாம். அடுக்குமாடி என்றீர்கள், லிஃப்டில் எல்லாப் பொத்தானையும் அழுத்திவிட்டு ஓடியிருப்பீர்கள், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மூடியைத் திறந்து எட்டிப் பார்த்திருப்பீர்கள், கார் கண்ணாடியில் பந்து பட்டிருக்கும். அந்த ராத்திரி அசோசியேஷன் ஆட்கள் கீழே கூடி நின்று வாட்ச்மேனை என்ன சொன்னார்கள், அவர் என்ன பதில் சொன்னார், நீங்கள் எந்த ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? அங்கிருந்து ஆரம்பியுங்கள்.